வெர்லீனின் குரல், மூன்று டாலர்

வெர்லீனின் குரலுக்கு மணிக்குப் பதினேழு டாலர் விலை. ராத்திரிச் சாப்பாடு சும்மா. தகர டின்னில் விழுகிற டிப்ஸ் தனி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஏழு டாலரில் தொடங்கிய பேரம் அது. நடுவில் ஏறியதெல்லாம் சிகாகோ நகராட்சி சட்டம் போட்டு ஏற்றியது. கடைக்கார லெஃப்டி தன் கையால் ஏற்றியது ஒரே தடவை, மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில், இருபத்தைந்து காசு. அந்தக் கல்யாணம் நின்றுபோனதும் அதைத் திரும்பக் கேட்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தவன் அவன்.

அந்த வெள்ளிக்கிழமை, இரவு பத்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது. வெர்லீன் ஆவிப்பெட்டியின் மூடியைத் தூக்கி, கசகசா தூவிய பன்களை உள்ளே அடுக்கினாள். கன்னத்தில் ஒரு இஞ்சி மிட்டாய் அடக்கியிருந்தாள். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியில் உருளைக்கிழங்கைக் கொட்டிக்கொண்டிருந்த கெயோனா அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வரிசை நடைபாதையைத் தாண்டி மரம் வரைக்கும் போயிருந்தது. முதல் ரவுண்டு குடித்தவர்கள். மூன்றாவது ரவுண்டுக்காரர்கள் பார்கள் மூடியதும்தான் வருவார்கள்.

"மிஸ் வெர்லீன், இன்னிக்கு நான் முன்னாடி நிக்கிறேன். நீங்க எண்ணெய்ப் பக்கம் வாங்க. வாயே திறக்காதீங்க. டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள் கெயோனா.

வெர்லீன் ஆறு விரல்களைக் காட்டினாள். ஆறு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. குரல்நாணில் இரண்டு பக்கமும் கொப்புளம் மாதிரிக் கட்டி. இப்படியே கத்தினால் ஒருநாள் கிழியும், அப்புறம் கத்தியை வைத்தாலும் பழைய குரல் வரும் என்று சொல்ல முடியாது. இலவச மருத்துவமனையில் அந்தச் சின்னப்பெண் டாக்டர் அவளிடம் கேட்டாள், "என்ன வேலை பார்க்கிறீங்க?" வெர்லீன், "திட்டுற வேலை" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு, வேறு ஏதோ எழுதிக்கொண்டாள்.

பொய் இல்லை. பகலில் அது எல்லாக் கடையையும் போல ஒரு ஹாட் டாக் கடை. இரண்டு கார் நிறுத்துகிற இடம், ஒரு ஜன்னல், "வாங்க சார், நன்றிம்மா." பத்து மணிக்கு மேல் அதே ஜன்னலிலிருந்து திட்டு வரும். வாங்குகிறவனும் பதிலுக்குத் திட்டலாம். திட்டு வாங்கத்தான் ஊர் முழுக்க வந்தது. பன்னுக்குள் வைக்கிற சாஸேஜ் ஒரு சாக்கு. தெருக்காரர்கள் அதைத் திட்டுக்கடை என்பார்கள். ராத்திரி ஜன்னலை அடித்துச் சாத்தி அதைச் சபிப்பார்கள். பகலில் வெளியூர் விருந்தாளி வந்தால் முதலில் அங்கேதான் கூட்டி வருவார்கள். வீடு விற்கிற தரகர்களின் விளம்பரத்தில்கூட "புகழ்பெற்ற கடைக்கு மிக அருகில்" என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு அருகில் என்பதை, வாங்கியவன் முதல் சனிக்கிழமை இரவு தெரிந்துகொள்வான்.

முன்பெல்லாம் பத்து மணியை இடுக்கிதான் சொல்லும். வெர்லீன் அடுப்புக்கு மேலே இருக்கிற எஃகு மூடியில் இடுக்கியால் ஒரு தட்டு தட்டுவாள். டங்! விளையாட்டு ஆரம்பம். மூன்று தட்டினால் விளையாட்டு முடிந்தது, இனி பேசுவது நிஜம் என்று அர்த்தம். எவனாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மூன்று தட்டு. எவனாவது கறுப்பர்களைப் பார்த்துச் சொல்லக் கூடாத அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மூன்று தட்டு. பாதி ஷட்டர் இறங்கிவிடும். நிற்கத் தெரியாமல் தள்ளாடுகிற குடிகாரனுக்குக்கூட அந்த மூன்று தட்டு புரியும். வரிசையே திரும்பி அவனை முறைக்கும், அவன் போன பிறகுதான் ஷட்டர் ஏறும்.

கோடையில் குடியிருப்போர் சங்கம் புகார் கொடுத்தது. சத்தம் தாங்கவில்லையாம், அதிலும் அந்த இரும்புச் சத்தம். லெஃப்டி பேரம் பேசினான். திட்டை விட முடியாது, அதுதான் வியாபாரம். இடுக்கிச் சத்தத்தை விட்டுக்கொடுத்தான். அதற்குப் பதிலாக ஜன்னலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு மாட்டினான். பத்து மணிக்கு எரியும், மூடும்போது அணையும். இன்னொன்றும் செய்தான். கடை முகவரிக்குப் போலீஸ் எத்தனை தடவை வருகிறது என்று நகராட்சி எண்ணிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த தொலைபேசியின்மேல் ஒரு அட்டையை ஒட்டினான்: 'போலீஸைக் கூப்பிடாதே. ஆம்புலன்ஸும் வேண்டாம். என்னைக் கூப்பிடு.'

சிவப்பு விளக்கு எரிந்தது.

"டேய், முன்னாடி நிக்கிற கோட்டுக்காரா!" கெயோனா ஜன்னலில் சாய்ந்தாள். "கழுத்துல டை, சட்டையில வாந்தி. எங்கடா வேலை, பேங்க்லயா? உன்ன நம்பி எவன்டா பணத்தக் குடுத்து வச்சிருக்கான்?"

"எங்க அந்தப் பெரியம்மா? அவங்கதான் வேணும்! நீ பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி திட்டுற!" என்றான் கோட்டுக்காரன்.

வரிசை கையைத் தட்டிக் கூப்பாடு போட்டது. "வெர்லீன்! வெர்லீன்!"

தகர டின் அடியில் இன்னும் இரண்டே நோட்டுதான் கிடந்தது. அதை இருவரும் பங்கு போட வேண்டும். வெர்லீன் மிட்டாயைக் கடித்து விழுங்கினாள். கெயோனா தலையை ஆட்டுவதற்குள் ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"யார்டா பெரியம்மா? உன் வயசுல நான் உங்கப்பனையே வேண்டாம்னு தள்ளிவிட்டவடா! அந்த வருத்தத்துலதான் உன்னப் பெத்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, மனசே இல்லாமப் பெத்திருக்கான்!"

தெரு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. டின்னில் நோட்டு விழுந்தது. வெர்லீன் திரும்பிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். தொண்டைக்குள் மணலை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது.

லெஃப்டி நடு இரவில் பின்கதவு வழியாக வந்தான். அறுபது தாண்டிய கிரேக்கன், தொப்பை, காதில் எப்போதும் ஒரு பென்சில். சிரிப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய விற்பனையைச் சொல்லிவிடுவான்.

"என்ன வெர்லீன், சாவு வீடா இது? மூலையிலிருந்து நடந்து வர்றேன், உன் சத்தமே கேக்கல."

வெர்லீன் டாக்டர் சீட்டை நீட்டினாள். அவன் விளக்கின்கீழ் பிடித்துப் படித்தான்.

"ஆறு வாரமா! சரி, சட்டப்படி சிக் லீவ் அஞ்சு நாள். முழங்கால் வீங்கினப்ப மூணு எடுத்துட்ட. மிச்சம் ரெண்டு இருக்கு, தாராளமா எடுத்துக்கோ."

"ரெண்டு நாள் போக?" அவள் குரல் காகிதம் உரசுகிற மாதிரி வந்தது.

"அதான் நானும் யோசிக்கிறேன். நீ பகல் ஷிப்ட் வந்தா டிப்ஸ் கிடையாது. நீ இல்லாம ராத்திரி எனக்குக் கூட்டம் கிடையாது. வர்ற வியாழக்கிழமை லைசென்ஸ் விசாரணை வேற." பென்சிலை எடுத்து மறுபடி சொருகினான். "ஒண்ணு பண்ணலாம். நீ ஒரு நாப்பது திட்டு திட்டு. என் தங்கச்சி பையன் போன்ல பதிவு பண்ணுவான். ஜன்னல்ல ஒரு பட்டன். அமுக்கினா நீ திட்டுவ. ஒரு தடவைக்கு மூணு டாலர். நீ வீட்ல படுத்துத் தூங்கு."

கெயோனா உருளைக்கிழங்கு வறுக்கிற கம்பிக் கூடையை உதறுவதை நிறுத்தினாள்.

"மூணுல எனக்கு எவ்ளோ?" என்றாள் வெர்லீன்.

"உனக்கு? ஐம்பது காசு."

"ஒண்ணரை."

"வெர்லீன்! பட்டன் யாருது? கரண்டு யாருது? கடை யாருது?"

"குரல் யாருது?"

"சரி, எழுபத்தஞ்சு. தூங்கிட்டே சம்பாதிக்கிற!"

"ஒண்ணரை. பாதிக்குப் பாதி. அதுக்கு ஒரு காசு குறைஞ்சாலும் என் வாயி என்கூடவே இருக்கும்." அவள் இருமினாள். இருமல் அடங்கியபோது கையிலிருந்த வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று இருந்தது. லெஃப்டி அதைப் பார்க்காத மாதிரி டின்னை ஆட்டிப் பார்த்தான்.

"அப்புறம் பேசிக்கலாம். நாளைக்கு சனிக்கிழமை, பெரிய மேட்ச் முடியுது. நாளைக்கு மட்டும் கொஞ்சம் முடிஞ்ச அளவு பாத்துக்கோ. வியாழன் வரைக்கும் போலீஸ் வண்டி இந்தத் தெருவுக்குள்ள வரக் கூடாது. வந்தா நாம எல்லாருமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

சனிக்கிழமை மேட்சில் ஊர் அணி தோற்றது. ஜெயித்திருந்தால் பாடிக்கொண்டு வருவார்கள். தோற்ற கூட்டம் தள்ளிக்கொண்டு வந்தது. வெர்லீன் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். எண்ணெய்ச் சட்டிக்குக் கெயோனா, ஜன்னலுக்கு அவள். பத்து ஆளுக்கு ஒரு திட்டு, மற்றதெல்லாம் முகத்தாலேயே. உதட்டைப் பிதுக்குவாள், மூக்கைப் பொத்திக்கொள்வாள், ஒருவனுடைய பனியனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வானத்தை நோக்கிக் கைகூப்புவாள். அதற்கும் சிரித்தார்கள். டின் பாதி நிறைந்தது.

மூன்று மணிக்குப் பார்கள் மூடின. அப்போதுதான் ஒரு பையன் ஜன்னலுக்கு வந்தான். கதவு அளவு தோள், வெள்ளைக் குளிர்க்கோட்டு, பின்னால் ஏழெட்டுச் சிநேகிதர்கள்.

"எனக்குக் கெட்சப் வேணும்!"

வரிசை "ஓஓஓ" என்றது. சிகாகோவில் ஹாட் டாக்குக்குக் கடுகுச் சாந்து உண்டு, வெங்காயம், தக்காளித் துண்டு, வெள்ளரி ஊறுகாய், மிளகாய் எல்லாம் உண்டு. கெட்சப், தித்திக்கிற அந்தத் தக்காளி சாஸ், குழந்தைகளுக்கு. வளர்ந்தவன் கேட்டால் அவமானம். திட்டுக்கடையில் கேட்டால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து விழும்.

வெர்லீன் கையை நீட்டி, அவன் முகத்துக்கு நேரே ஒரு கற்பனைத் தொட்டிலை ஆட்டினாள். கூட்டம் சிரித்து உருண்டது.

"உள்ள ஒளிச்சு வச்சிருக்காங்கடா! கவுன்டருக்குக் கீழ இருக்கும். நீ எடுத்துக் காட்டு, நூறு டாலர் பந்தயம்!" என்றான் ஒரு சிநேகிதன்.

அந்தப் பையன் கைகளை ஊன்றி ஒரே எம்பில் ஜன்னல் மேடைமேல் ஏறினான். வெர்லீன் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கடுகு டப்பா உருண்டது. அவன் தலை உள்ளே வந்தது, தோள் வந்தது, பிறகு முழு உடம்பும் சரிந்து உள்ளே விழுந்தது. விழுகிற வேகத்தில் அவன் பூட்ஸ் எண்ணெய்ச் சட்டியிலிருந்த கம்பிக் கூடையில் பட்டது.

கூடை பக்கவாட்டில் சாய்ந்து கொதிக்கிற எண்ணெயை வாரி இறைத்தது. கெயோனா கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் வழிந்தது. அவன் எழப் பார்த்து, வழுக்கி, பிடி தேடி அவள்மேல் சாய்ந்தான். சட்டிக்கும் அவனுக்கும் நடுவே அவள் மாட்டிக்கொண்டாள். பின்கதவுக்கு முன்னால் வெங்காய மூட்டைகள்.

வெர்லீன் இடுக்கியைத் தேடினாள். எஃகு மூடிக்குப் பக்கத்தில் அது தொங்கிய கொக்கி காலியாக இருந்தது. சத்தம் வரக் கூடாதென்று லெஃப்டி பிளாஸ்டிக் இடுக்கி வாங்கிப் போட்டிருந்தான். வெறும் கையால் மூடியை மூன்று தடவை அறைந்தாள். கூட்டத்தின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

அப்போது அவள் வாயைத் திறந்தாள்.

"வெளிய போ! புள்ளைக்குச் சுட்டிருச்சு! யாராவது இவனப் பிடிங்க!"

தெரு திரும்பிப் பார்த்தது. பிறகு வெடித்தது. அன்று இரவு முழுக்க அவர்கள் காத்திருந்த குரல் அதுதான். செல்போன்கள் உயர்ந்தன, வெளிச்சம் கண்ணில் அடித்தது.

"வெளிய போ!" என்று கூட்டம் திருப்பிச் சொன்னது. "புள்ளைக்குச் சுட்டிருச்சு!"

"விளையாட்டு இல்லடா! நிஜமாச் சொல்றேன்! நிஜம்!"

"நிஜமாச் சொல்றேன்!" என்றார்கள் எல்லோரும், தாளம் தட்டி.

மூன்றாவது தடவை கத்தியபோது நடுவில் ஏதோ கிழிந்தது. பழைய புடவையைக் கால் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு சத்தம், அவளுக்குள்ளேயே. அதற்குப் பிறகு வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய கைதட்டல் கிடைத்தது. அவள் சுவிட்சை அடித்துச் சிவப்பு விளக்கை அணைத்தாள். கூட்டம் "ஓஓஓ" என்று மறுபடி போடச் சொன்னது. அவள் ஷட்டரைப் பிடித்துத் தொங்கி இறக்கினாள்.

ஷட்டர் இறங்கியதும் சத்தம் பாதியானது. அந்தப் பையன் ஜன்னல் மேடையைப் பிடித்து எழுந்து நின்றான். கெயோனாவின் கையைப் பார்த்தான். தோல் வெங்காயச் சருகு மாதிரிச் சுருங்கி விலகியிருந்தது. அவன் முகத்திலிருந்து போதை மெல்ல மெல்ல இறங்கியது. இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது.

"சாரி. நான்... நான் இதெல்லாம் விளையாட்டுன்னு நெனச்சேன்" என்றான். பையைத் துழாவி ஒரு இருபது டாலர் நோட்டை எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் தகர டின்னில் போட்டான். வெங்காய மூட்டைகளைத் தாண்டி இருட்டுக்குள் ஓடினான்.

வெர்லீன் கெயோனாவின் கையைக் குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்தாள். கெயோனா மற்றக் கையால் தொலைபேசியை எடுத்தாள். அட்டையைப் படித்தாள். லெஃப்டியின் எண்ணை அழுத்தினாள்.

"லெஃப்டி, கை வெந்துபோச்சு. பெருசா. ஆம்புலன்ஸ்..."

மறுபக்கம் அவன் பேசியது வெர்லீனுக்கும் கேட்டது. "ஆம்புலன்ஸ் வந்தா கூடவே போலீஸும் வரும், கண்ணு. வியாழக்கிழமை வரைக்கும் பொறு. டாக்ஸி பிடி, டாக்ஸிக் காசு நான் தர்றேன். ரசீது வாங்கிக்கோ."

கெயோனா வெர்லீனைப் பார்த்தாள். வெர்லீன் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "இன்னொரு தடவை!" என்றார்கள்.

வியாழக்கிழமை விசாரணை நகராட்சிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. லெஃப்டி கோட்டுப் போட்டு வந்திருந்தான். வெர்லீனையும் வரச் சொல்லியிருந்தான், முன்வரிசையில் உட்கார. கெயோனாவை அவன் கூப்பிடவில்லை. "கட்டோட வந்தா நல்லா இருக்காது, கேள்வி கேப்பாங்க" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஹால்வர்சன், கடைக்கு எதிர்வீட்டு மூன்றாம் மாடிக்காரர், எழுந்து காகிதத்தைப் பார்த்துப் படித்தார். கோடையிலிருந்து இரும்புச் சத்தம் இல்லை. ஒரு தடவைகூடப் போலீஸ் வண்டி வரவில்லை. கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்.

"ரவுடிக் கடைன்னு வெளிய சொல்றாங்க, சொல்லட்டும். அது எங்க தெருவோட அடையாளம். போன வாரம் என் மகன் ஒரு வீடியோ காட்டினான். அந்தம்மா கத்துறாங்க, கூட்டமே திருப்பிக் கத்துது. எத்தனை லட்சம் பேர் பாத்திருக்காங்க தெரியுமா? எங்க சந்துக்கு அவ்வளவு பேரு!" என்று காகிதத்தை மடித்தார்.

குழுத் தலைவி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கடையில வேலை செய்றவங்க யாராவது ஏதாவது சொல்லணுமா?"

லெஃப்டி பென்சிலைத் தேடிக் காதைத் தடவினான். கோட்டுக்காகப் பென்சிலை வீட்டிலேயே விட்டு வந்திருந்தான்.

வெர்லீன் எழுந்தாள். மேடைவரை நடந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு வளைத்தாள். கழுத்துத் துண்டைத் தளர்த்தினாள். மைக் அவளுடைய மூச்சை மட்டும் கூடம் முழுக்கக் கொண்டுபோனது, உஸ், உஸ் என்று. மறுபடி முயன்றாள். நரம்பு புடைத்தது.

"நாங்க இந்தத் தெருவுக்குக் குடிவந்ததிலேர்ந்து இவங்க வாய் மூடி நிக்கிறத இன்னிக்குத்தான் பாக்கிறோம்!" என்றார் ஹால்வர்சன், நல்ல மனதோடுதான். கூடம் சிரித்தது. குழுத் தலைவியும் சிரித்தார். ஒருத்தர் அவளுக்காகக் கைதட்டினார். வெர்லீன் மைக்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தன் இடது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வலது கையால் தடவிக் காட்டினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. அதையும் அவளுடைய வழக்கமான கோமாளித்தனம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

லைசென்ஸ் மூன்று வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

படியிறங்கும்போது லெஃப்டி அவள் தோளைத் தட்டினான். "ரெண்டு நாள் சிக் லீவ் சம்பளம் வெள்ளிக்கிழமை வந்துடும். போய் நல்லா ரெஸ்ட் எடு. குரல் வந்ததும் வா. உன் இடம் எங்கயும் போகாது."

ஆறு வாரம் கழித்து, ஒன்றாம் தேதி வாடகை பாக்கி நின்றபோது, வெர்லீன் தன் வீட்டுப் பக்கம் எழுபத்தொன்பதாம் தெருவில் ரயில் ஏறி, வடக்கே கடைக்கு வந்தாள். குரல் வந்திருந்தது, ஒரு கை தூரத்துக்கு. அடுத்தவர் குனிந்தால் கேட்கும். இரவு பதினொன்று. ஸ்டேஷன் படியிறங்கி, பனியில் காலூன்றி மூலை திரும்பியபோது யாரோ கத்துவது கேட்டது.

"வெளிய போ! புள்ளைக்குச் சுட்டிருச்சு! யாராவது இவனப் பிடிங்க!"

அவள் நின்றுவிட்டாள். சிரிப்பு எழுந்தது, அடங்கியது. மறுபடி அதே குரல், அதே மூச்சு, அதே இடத்தில் அதே கிழிசல்.

வரிசை மரத்தைத் தாண்டி அடுத்த கட்டிடம் வரை நின்றது. ஜன்னல் மேடையில் சிவப்பு நிறத்தில், காளான் குடை அளவுக்கு ஒரு பட்டன். அதன்கீழ் பலகை: 'வெர்லீன், 3 டாலர். நூறாவது அமுக்கலுக்கு வறுவல் இலவசம்.' அவள் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினாள்.

லெஃப்டி கதவைத் திறந்து, வெங்காய மூட்டையை நகர்த்தி அவளுக்கு உட்கார இடம் கொடுத்தான். "வெர்லீன்! எப்படி இருக்க? பேசு பாக்கலாம்."

"என் குரலு," என்றாள். அவன் குனிய வேண்டியிருந்தது. "நாம இன்னும் பேசி முடிக்கலியே."

"அட, அது நீ எனக்குப் பதிவு பண்ணிக் குடுத்ததா என்ன? அந்த வீடியோ எடுத்த பையன்கிட்ட நூறு டாலர் குடுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கு. சட்டப்படி அவன் சொத்து, இப்ப என் சொத்து." அவன் குரலைத் தாழ்த்தினான். "கோவிச்சுக்காத. ஊரே உன் பேரச் சொல்லுது. உனக்கு எவ்வளவு பெருமை! வேலைக்கு... இப்ப பட்டன் பாத்துக்குது. ஏப்ரல்ல பகல் ஷிப்ட்டுக்கு ஆள் வேணும்னா நானே கூப்பிடுறேன்."

"கெயோனா கை?"

"ஆறிடுச்சே! முழுக்கை சட்டை போட்டுக்கிறா. டாக்ஸிக் காசு மறுநாளே குடுத்துட்டேன், கேட்டுப் பாரு."

வெர்லீன் எழுந்தாள். கடையைச் சுற்றி நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற பெண் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, யாரென்று தெரியாமல் புன்னகைத்துத் திரும்பிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு நாலைந்து பேருக்கும் ஒரு தடவை குரல் வந்தது. கூட்டம் திருப்பிச் சொல்லும் இடங்கள் இப்போது எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்தன.

ஜன்னலில் கெயோனா குனிந்தபடியே, "என்னடா வேணும்" என்று ஆரம்பித்து, நிமிர்ந்து, நிறுத்தினாள்.

"மிஸ் வெர்லீன்..."

வெர்லீன் ஒரு விரல் காட்டினாள், ஒரு ஹாட் டாக். பிறகு பட்டனைக் காட்டினாள்.

"வேண்டாங்க. நீங்க போங்க, நான் ஒண்ணு கட்டித் தர்றேன். மேல கேமரா வச்சிருக்காரு. அமுக்காதீங்க."

வெர்லீன் பர்ஸைத் திறந்து ஒரு பத்தும் ஒரு ஒன்றும் எடுத்து மேடையில் வைத்தாள். உள்ளங்கையைப் பட்டன்மேல் வைத்து அமுக்கினாள்.

"வெளிய போ! புள்ளைக்குச் சுட்டிருச்சு!"

"புள்ளைக்குச் சுட்டிருச்சு!" என்றது முதுகுக்குப் பின்னால் தெரு முழுக்க. கெயோனா இடது சட்டைக்கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இயந்திரம் ரசீதைத் துப்பியது. ஹாட் டாக் 6.50. வெர்லீன் 3.00. வரி 1.02. மொத்தம் 10.52. கீழே, இலவச வறுவலுக்காக, அமுக்கல் எண் 2,318.

"பென்சில்" என்று வெர்லீன் கையால் காட்டினாள். கெயோனா உள்ளே திரும்பி, லெஃப்டியின் காதிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்தாள். பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம், பெரியம்மா!" என்று கத்தினார்கள். வெர்லீன் ரசீதைத் திருப்பி, ஜன்னல் மேடையில் வைத்து, நிதானமாக எழுதினாள். மடிக்காமல் தகர டின்னுக்குள் போட்டாள். ஹாட் டாக்கை எடுக்காமல் ரயில் பக்கம் நடந்தாள்.

கடை மூடி டின்னைக் கவிழ்த்தபோது நோட்டுகளுக்கு நடுவே அந்தச் சீட்டு வந்தது. கெயோனா அதை லெஃப்டியின் முன்னால் நீவி வைத்தாள்.

வெர்லீன், 2,318 தடவை, ஒன்றரை வீதம்: 3,477.00
வந்தது: இல்லை
நிலுவை: 3,477.00
இன்று நான் கொடுத்தது: 3.00
கெயோனாவின் கை: இன்னும் விலை பேசவில்லை